கட்டுக்காரம்மா கட்டிய கல்யாணப் பூ

கல்யாணப் பெண் சமையலறை மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்துப்போட்டு, ரோஜாக் காம்புகளில் முள் உரித்துக்கொண்டிருந்தாள். வயது ஐம்பத்தொன்று. மறுநாள் காலை பத்தரைக்குப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். முந்தின நாள் கல்யாணப் பெண் கையைக் காலை ஆட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொல்லிப் பார்த்தாள். உட்கார்ந்துதானே செய்கிறேன் என்று இவள் சொல்லிவிட்டாள்.

ஆண்கள் கோட்டில் குத்திக்கொள்ள ஐந்து பூ, பெண்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள மூன்று. மாப்பிள்ளைக்கு அப்படி ஓர் ஆசை. பூக்கடையில் மாதிரிக்கு ஒன்று செய்து காட்டினார்கள். இவள் அதை இரண்டு விரலால் பிடித்து லேசாகத் திருகினாள். பூ ஒரு பக்கம் போனது, காம்பு ஒரு பக்கம் போனது. இப்படி ஒரு கட்டோடு யாரையாவது வெளியே அனுப்பினால் டாக்டர் என்னையும் கூடவே அனுப்பிவிடுவார் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, பச்சை டேப்பும் மெல்லிய கம்பியும் ரிப்பனும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்த மிடுக்கு சும்மா வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவில் இருபத்தேழு வருஷமாக மாவுக்கட்டுப் போடுகிறவள். ஊருக்கே கட்டுக்காரம்மா. பஸ்ஸில் யாராவது சிரித்தால் முகம் பிடிபடாது. கையை நீட்டினால், எந்த எலும்பு, எந்த மழைக்காலம் என்று சொல்லிவிடுவாள்.

மாப்பிள்ளையும் அப்படிக் கையோடு வந்தவர்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பெயர்ப்பலகை துடைக்க ஏணியில் ஏறி, இறங்கும்போது கடைசி இரண்டு படியை மறந்துவிட்டார். இடது மணிக்கட்டு. ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்தாயிற்று. பிரித்த பிறகும், குளிர்காற்று பட்டால் வலிக்கிறது என்று மாதம் இரண்டு முறை வந்துகொண்டிருந்தார். கோடையிலும் குளிர்காற்று அடித்தது. பிரிவில் கூட்டிப் பெருக்குகிறவள் வரைக்கும் விஷயம் புரிந்துபோய், இவளுக்குப் புரிவதற்கு எட்டு மாதம் ஆனது.

புரிந்த பிறகு எல்லாம் சுலபமாகவே நடந்தது. தம்பி ஒருவனைத் தவிர.

இவளைவிட மூன்று வயது இளையவன். மீனும் இறைச்சியும் அடுக்கி வைக்கிற குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ஃப்ரீசர். அம்மா போன பிறகு அக்காவும் தம்பியும் இந்த இரண்டு அறை வீட்டில் இருபத்திரண்டு வருஷம் ஒன்றாக இருந்திருக்கிறார்கள். அவனுக்கும் கல்யாணம் கூடிவரவில்லை. வந்த ஓரிரு இடத்திலும் பெண்ணைவிட அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தான் என்று இவள் கேலி செய்வதுண்டு.

மூன்று வாரம் முன்னால், சாட்சிக் கையெழுத்து நீதான் போட வேண்டும் என்று அவனிடம் கேட்டாள். டியூட்டி எப்படி இருக்கிறதென்று பார்க்க வேண்டும் என்றான். அதோடு சரி. கண்ணாடிக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. அவர் வந்தால் டீ போட்டுக் கொடுப்பான். தேதியைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் குழாயைக் கழற்றி வாஷர் மாற்ற உட்கார்ந்துவிடுவான். மூன்று வாரத்தில் அந்த வீட்டுக் குழாய்களுக்கு யோகம் அடித்தது. கல்லுளிமங்கன். ஆஸ்பத்திரி நர்ஸ் யாராவது கையெழுத்துப் போட்டால் சட்டத்துக்குப் போதும், இவளுக்குத்தான் போதாது. அம்மாவுக்குத் தெரியாமல் அவன் நீட்டிய பள்ளிக்கூட ரிப்போர்ட் அட்டையிலிருந்து குடல்வால் ஆபரேஷன் தாள் வரைக்கும் இவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டாள்.

ஒவ்வொரு ரோஜாவின் காம்பையும் இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்கினாள். பூவுக்கு அடியில் இருக்கிற பச்சை முண்டில் கம்பியைக் குறுக்கே செலுத்தி, இரண்டு முனையையும் கீழே மடக்கினாள். பின்னால் ஓர் இலை, பக்கத்தில் நாலு பொடி வெள்ளைப் பூ, மேலிருந்து கீழே டேப். அந்த டேப் சும்மா சுற்றினால் ஒட்டாது, இழுத்துச் சுற்றினால்தான் ஒட்டும். இவள் கைக்கு அது தானாக வந்தது. ஐந்தாவது கோட்டுப் பூவைக் கையில் எடுத்தபோது மட்டும், யாருக்கு என்ற கேள்வியை மனசுக்குள் கேட்காமலே கட்டி முடித்தாள்.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் எட்டும் தயார். ஈரத்துணி விரித்த டப்பாவில் அடுக்கி, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வைத்துவிட்டுத் தையல்காரரிடம் ரவிக்கை வாங்கப் போனாள்.

நாலரைக்குத் திரும்பி வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தால் அடித்தட்டு காலி. தம்பி குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான்.

"ஏன்டா, இங்க இருந்த டப்பா எங்க?"

"மேல வச்சிருக்கேன்க்கா. நீ வச்ச இடத்துல அஞ்சு டிகிரி காட்டுது. அந்தக் குளிர்ல சரக்கு நிக்குமா? மைனஸ்ல போட்டுட்டேன். ஆறு மாசத்துக்குக் கவலையில்ல."

"ஆறு மாசம் கழிச்சா கல்யாணம்?"

ஃப்ரிட்ஜின் மேலே, உறைய வைக்கிற அறையைத் திறந்தாள். பூவெல்லாம் கண்ணாடி போல விறைத்திருந்தது. ஒன்றைத் தொட்டாள், ஓர் இதழ் முறிந்து விழுந்தது. மேஜையில் வைத்த ஐந்தாவது நிமிஷம் வெந்த கீரை மாதிரிப் பழுப்பாகத் தொங்கியது. வராமலிருக்க இப்படி ஒரு வழியா என்று ஒரு கணம் அவளுக்குச் சுருக்கென்றது. வாய்வரை வந்துவிட்டது. அப்போதுதான் டப்பா மூடியைப் பார்த்தாள்.

கிடங்குச் சீட்டு. அவன் வேலையிடத்தில் ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டுகிற அதே சீட்டு, அதே குண்டு எழுத்து. பொருள்: பூ. எண்ணிக்கை: 8. உள்ளே வைத்தது: வெள்ளி மதியம் 2.40. வெளியே எடுப்பது: சனி காலை 9.00. எடுப்பவர் என்ற இடத்தில் அவனே கையெழுத்துப் போட்டிருந்தான். டப்பாவுக்கு இடம் செய்ய, அவனுடைய ஐஸ்கிரீம் டப்பா பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கிடந்து உருகிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை அவனுக்கு ஆறு மணி ஷிப்ட். ஒன்பது மணிக்கு இந்தச் சமையலறையில் நிற்கிறானென்றால் லீவு சொல்லிவிட்டான் என்று அர்த்தம். அவள் வாயை மூடிக்கொண்டாள். பார்த்ததாகக் காட்டிக்கொண்டால் பயல் மறுபடி குழாய்க்குப் போய்விடுவான். தவிர, வருவது வேறு, கையெழுத்துப் போடுவது வேறு.

அவன் பழுப்புப் பூவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "மீன் இப்படி ஆகாதே" என்றான் மெதுவாக.

"மீனைக் கோட்டுல குத்துற கல்யாணமா இருந்தா ஜோரா இருந்திருக்கும்."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அரை மணி நேரத்தில் அறுபது ரோஜாவோடு வந்தான். எட்டுக்கு அறுபதா என்றால், சேதாரம் என்று ஒன்று இருக்கிறதே என்றான். மஞ்சள் கலந்த வெள்ளைக்குப் பதில் இளஞ்சிவப்பு. அவளுக்கு அதுவே இன்னும் நன்றாக இருப்பதாகத் தோன்றியது. சொல்லவில்லை, சொன்னால் தலைக்கு ஏறிவிடும்.

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவன் முள் உரித்துக் கொடுத்தான், ரிப்பனை அளவாக வெட்டிக் கொடுத்தான், பிறகு தானும் ஒன்று கட்டுகிறேன் என்றான். டேப் அவன் கையில் ஒட்டவே மாட்டேன் என்றது.

"இழுடா. இழுத்தாத்தான் ஒட்டும்."

அவன் இழுத்தான், சுற்றினான், மறுபடி சுற்றினான். முடிந்தபோது காம்பு கட்டைவிரல் தடிமனுக்கு வந்திருந்தது.

"இதை யாருக்குடா குத்துறது?"

"கண்ணாடிக்காரருக்குக் குத்து. அவருக்குத்தான் உன் ஆஸ்பத்திரிக் கட்டு பழக்கம்."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான், மூன்று வாரத்துக்குப் பிறகு. ஜன்னல் வழியாக மாலை வெயில் மேஜை வரைக்கும் வந்து, வாளியில் மிச்சமிருந்த ரோஜாக்கள் மேல் விழுந்தது. நாளை இதே நேரம் வேறொரு சமையலறை. அடுப்பு எந்தப் பக்கம் என்பதுகூட அவளுக்குச் சரியாக நினைவில்லை. அதெல்லாம் பழகிவிடும் என்று தோன்றியது. எட்டாவது பூவுக்கு ரிப்பன் முடிந்து, டப்பாவில் வைத்து, அவளே எழுந்து அடித்தட்டில் வைத்தாள். அவன் ஐந்து டிகிரியைப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினான்.

பிறகு மேஜையிலிருந்த கத்தரிக்கோலைத் திறந்து மூடி, திறந்து மூடி, அதைப் பார்த்தபடியே கேட்டான்.

"பேனா அங்கேயே தருவாங்களா, இல்ல நான் எடுத்துட்டு வரணுமா?"

அவள் நறுக்கிப்போட்ட காம்புகளையும் முள்ளையும் செய்தித்தாளோடு சேர்த்துச் சுருட்டினாள். ஒரு முள் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளங்கையில் குத்தியது. அதைக்கூடக் கவனிக்காமல் அந்தச் சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல், குப்பை போடப் பின்பக்கம் போனாள்.