பைரவனுக்குத் தைத்த பட்டுச் சட்டை

சரோஜா கோபத்தை மறக்கிற ரகம் இல்லை. அடி அண்ணாமலையில் இருக்கும் என் தையல் கடைக்குப் பல வருஷமாக ஜாக்கெட் தைக்க வருகிறாள். ஒரு தடவை கையைக் கொஞ்சம் இறுக்கமாகத் தைத்துவிட்டேன் என்பதற்காக, அடுத்த கார்த்திகை தீபம் வரைக்கும் என் கடையைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் அறைகளைப் பெருக்கித் துடைக்கிற வேலை. அங்கேயும் ஒருத்தரும் அவளிடம் குரலை உயர்த்திப் பேசுவதில்லை. அப்படிப்பட்டவளை நாத்தனார்க்காரி நந்தினி கல்யாண மேடையில் நிற்க வைத்து அசிங்கப்படுத்தினாள் என்றால், அந்தம்மாவுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும்.

நந்தினி, சரோஜாவின் புருஷன் மணிவேலுக்கு அக்கா. வேங்கிக்காலில் புதுசாக மாடி வீடு கட்டிக்கொண்டு போனதிலிருந்து அவள் பார்வையே வேறு. அவள் மகள் ஆர்த்தியின் கல்யாணத்தில் தாய்மாமன் என்ற முறையில் மணிவேல்தான் எல்லாம் செய்தான். முகூர்த்தம் முடிந்ததும் சொந்தக்காரப் பெண்களைக் கூப்பிட்டுப் புடவை வைத்துக் கொடுத்தார்கள். தாய்மாமன் பெண்டாட்டிக்குத்தான் முதல் தட்டு. எங்கள் பக்கத்து வழக்கம் அது. சரோஜா முந்தானையைச் சரி செய்துகொண்டு மேடை ஏறினாள். ஒவ்வொரு தட்டாகப் போயிற்று. அவளுக்கு வரவில்லை. உனக்கு எடுக்க மறந்தே போச்சு என்று நந்தினி சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் காலடியில் நின்றிருந்த ரியோ என்கிற சப்பை மூஞ்சி நாய், அந்த வீட்டுப் பெண்கள் கட்டியிருந்த அதே பட்டில் சட்டை போட்டிருந்தது.

பல மாசம் கழித்து, ஆர்த்தியின் வளைகாப்பு நெருங்கும்போது, ஊர் வாயை அடைக்க, மணிவேல் கையில் ஒரு புடவையைக் கொடுத்தனுப்பினாள் நந்தினி. மாம்பழ நிறம், கரும்பச்சைக் கரை, கரை முழுக்கச் சின்னச் சின்னச் சங்கு. குறை சொல்ல முடியாத பட்டு. சரோஜா அதை உடம்பில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. நேராக என் கடைக்குக் கொண்டுவந்தாள். இன்னொரு கையில் கயிறு, கயிற்றின் நுனியில் அவள் வளர்க்கும் பைரவன்.

"ஆர்த்திக்கு வளைகாப்பு வருது. இதுல இவனுக்குச் சட்டை தைங்க. நாய்க்கு எடுக்க ஞாபகம் இருந்துது இல்ல, அந்த நாய் மாதிரியே என் நாயும் வரட்டும்."

எனக்கு நாய் என்றாலே ஆகாது. முடியாது என்றேன். அவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கிழிந்த துணியை முதுகில் போட்டுக் கட்டிக் கூட்டிப்போனால் பைத்தியக்காரி என்று சிரிப்பார்கள். கடையில் வாங்கின மாதிரி கச்சிதமாக இருந்தால்தான் அது எந்தப் புடவை என்று நந்தினி உற்றுப் பார்ப்பாள் என்றாள். பாதியில் நழுவினாலோ, நாய் கடித்துப் பிய்த்தாலோ சிரிப்பு மொத்தமும் தன் பக்கம் திரும்பிவிடும் என்றும் சொன்னாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன்.

முதலில் விடுதியில் யாரோ விட்டுப்போன ரெடிமேட் நாய்க்கோட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். கழுத்து நுழைந்தது, மார்பு நுழையவில்லை. வெளிநாட்டு நாய் பீப்பாய் மாதிரி ஒரே சீராக இருக்கும் போலிருக்கிறது. நம்ம ஊர் நாய்க்கு மார்பு இறங்கியிருக்கும், வயிறு முதுகோடு ஒட்டியிருக்கும். மார்புக்குச் சரியாக எடுத்தால் வயிற்றுப் பக்கம் தொட்டில் மாதிரித் தொங்குகிறது. தைத்தே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது.

பட்டில் கை வைக்கும் முன் பழைய வேட்டித் துணியில் ஒரு மாதிரி தைத்தேன். அதிலும் சொதப்பினேன். டேப்பைக் கண்டு பயந்து பைரவன் உட்கார்ந்துவிட்டான், உட்கார்ந்தபடியே அளவெடுத்தேன். அவன் எழுந்து நின்றதும் கழுத்து இறுகி, முதுகில் துணி மூட்டையாகக் குவிந்தது. அதைவிடப் பெரிய தப்பு, பழக்கதோஷத்தில் ஜாக்கெட்டுக்கு வெட்டுகிற மாதிரி கைக்குழியைப் பக்கவாட்டில் வெட்டியது. மனுஷிக்குக் கை பக்கத்தில் தொங்கும், நாய்க்குக் கால் கீழே போகும். இரண்டடி நடப்பதற்குள் அக்குளில் தேய்த்துத் தோல் சிவந்துவிட்டது. சரோஜா என்னைப் பார்த்த பார்வையில், மறுபடியும் தீபம் வரைக்கும் பேசமாட்டாளோ என்று பயந்தே போனேன்.

மறுநாள் நிற்க வைத்து அளந்தோம். கழுத்துப் பட்டை இருக்கும் இடத்திலிருந்து வால் தொடங்கும் இடம் வரை முதுகு, முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்று. கழுத்திலும் மார்பிலும் இரண்டு விரல் நுழைகிற அளவு இடம் விட்டேன். காலுக்கான குழியை முன்பக்கம் தள்ளி, அடியில் வெட்டினேன். வயிற்றுப் பக்கத் துணியைப் பாதியிலேயே நிறுத்தினேன். ஆண் நாய், காலைத் தூக்கினால் நனையக் கூடாது. ஜரிகை குத்தாமலிருக்க உள்ளே மெல்லிய மல் பருத்தித் துணி. கொக்கி வைத்தால் முடி மாட்டுகிறது, ஒட்டுப்பட்டை வைத்தால் பிரிக்கும் சத்தத்துக்கே ஓடுகிறான். கடைசியில் முதுகில் நாடா வைத்துக் கட்டினேன். சங்குக்கரை முதுகுத்தண்டில் நேராக ஓடியது. தினமும் அதைப் போட்டு, கிரிவலப் பாதையில் கொஞ்ச தூரம் நடத்திப் பழக்கினாள் சரோஜா. அவன் அதைக் கடிக்கவே இல்லை.

வளைகாப்புக்கு என்னையும் வரச் சொன்னாள், நூல் பிரிந்தால் தைக்க. மொபெட்டில் முன்னால் பைரவன், நடுவில் மணிவேல், பின்னால் அவள். அக்காவிடம் வம்பு வேண்டாம் என்று மணிவேல் சொல்லிக்கொண்டேதான் ஓட்டினான்.

கூடம் நிறையப் பெண்கள். ஆர்த்திக்கு அவள் மாமியார் பச்சையம்மா வளையல் போட்டுக்கொண்டிருந்தாள். அமைதியான பொம்பளை, மகனுக்குப் பெண் எடுத்த இடமாயிற்றே என்று நந்தினியிடம் ரொம்ப மரியாதையாக நடந்துகொள்வாள். சரோஜா கயிற்றைப் பிடித்தபடி உள்ளே வந்தாள். எல்லாத் தலையும் நாய்ப் பக்கம் திரும்பியது. பைரவன் கல்யாண வீட்டுப் பெரிய மனுஷன் மாதிரி நடந்து வந்தான்; ஒரு இழை நகரவில்லை.

நந்தினி குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, ரொம்ப அழகாக இருக்கிறதே, எங்கே வாங்கினாய், ரியோவுக்கும் ஒன்று வேண்டும் என்றாள். அவளுக்கு அந்தப் புடவை அடையாளமே தெரியவில்லை. சரோஜாவின் முகம் கறுத்துப்போனது. இத்தனை நாள் சேர்த்து வைத்த வஞ்சம் அப்படியே கையில் நின்றது.

"நீங்க குடுத்தனுப்புன புடவைதான் அண்ணி. எனக்கு அளவு சரியா வரல. இவனுக்குக் கச்சிதமா இருந்துது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நந்தினிக்குச் சுருக்கென்றது. விட்டுக்கொடுப்பாளா? கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"அதுவா? எவளோ வச்சுக் குடுத்தது. நான் பிரிச்சுக்கூடப் பாக்கல. நாய்க்குப் போட்டா போட்டுக்கோ, எனக்கின்னா?"

வந்த புடவையைப் பிரிக்காமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். யார் கொடுத்தது என்று நினைவில் வைத்துக்கொண்டு தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பச்சையம்மாவின் கையிலிருந்த வளையல் அப்படியே நின்றது. எழுந்து வந்தாள். பைரவன் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகில் ஓடிய சங்குகளை விரலால் தடவினாள். சம்பந்தியம்மாவுக்கு என்று தான் ஆரணிக்குப் போய், சங்குக்கரைதான் வேண்டுமென்று சொல்லி நெய்ய வைத்தது என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். ஆர்த்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

சரோஜா இதை எதிர்பார்க்கவில்லை. சம்பந்தமே இல்லாத ஒருத்தியின் மனசையல்லவா நாய் முதுகில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டாள். பதறிப்போய் நாடாவை அவிழ்க்கக் குனிந்தாள். பச்சையம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கழட்டாதம்மா. பந்தி முடியற வரைக்கும் இது இங்கயே சுத்தட்டும்."