பெரிய டாக்டர் தின்ற ரெண்டு பிஸ்கட்

ஆஸ்பத்திரியில் அவருக்கு மயக்கம்மா என்றுதான் பெயர். சர்ஜரி படிக்கத்தான் ஆசைப்பட்டார். மார்க் காலை வாரிவிட, மயக்க மருந்துப் படிப்பில்தான் இடம் கிடைத்தது. "ஊசி போட்டுட்டு சும்மா உக்காந்திருக்கிற வேலைதானே?" என்று கேட்காத உறவு கிடையாது. வீட்டுக்காரர் ஒரு படி மேலே போய், "இவ பேச ஆரம்பிச்சாலே எனக்குக் கண்ணு சொக்கும், மருந்தே வேண்டாம்" என்பார்.

இருபத்திரண்டு வருஷம் நோயாளிகளின் தலைமாட்டிலேயே ஓடிவிட்டது. பிழைத்து எழுந்தவர்கள் எல்லாரும் கத்தி பிடித்த பெரிய டாக்டரைத்தான் கும்பிட்டார்கள். தூங்கியவனுக்குத் தூங்கவைத்தவர் முகம் எப்படி நினைவிருக்கும்? நியாயம்தான், ஆனாலும் மயக்கம்மாவுக்கு வயிறு எரிந்தது. பெரிய டாக்டரோ, "மேடம், ரெடியா, ரெடியா?" என்று ரயிலைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி பறப்பார்.

இத்தனை வருஷத்தில் மயக்கம்மா ஒரு வித்தை கற்றிருந்தார். ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும். இல்லாவிட்டால் தின்றது மயக்கத்தில் மேலேறி மூச்சுக்குழலுக்குள் போய் ஆளையே கொன்றுவிடும். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்று சத்தியம் செய்வார்கள். அதனால் அவர் அப்படிக் கேட்பதே இல்லை.

ஒருநாள் பெரிய டாக்டரே பித்தப்பைக் கல்லோடு ஆபரேஷன் மேஜையில் வந்து படுத்தார். வெறும் வயிறு, வெறும் வயிறு என்று நோயாளிகளிடம் தொண்டை கிழியக் கத்துகிறவர் அவர்.

"காலைல டீல எத்தனை பிஸ்கட் நனைச்சீங்க சார்?" என்று பேச்சுவாக்கில் கேட்டார் மயக்கம்மா.

"ரெண்டுதான்" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்போ இன்னைக்குக் கிடையாது. நாளைக்கு வாங்க."

"ரெண்டு பிஸ்கட்டுக்கா? உங்க வேலை என் கையில இருக்கு, தெரியுமில்ல?"

தெரியும். அடுத்த மாதம் பணி நீட்டிப்பில் கையெழுத்துப் போட வேண்டியவரே அவர்தான். மயக்கம்மாவுக்குப் பயமாகத்தான் இருந்தது.

"உங்க உயிர் என் கையில இருக்கே சார்" என்று சொல்லி, தயாராக வைத்திருந்த ஊசியைக் குப்பையில் போட்டார்.

மறுநாள் பெரிய டாக்டர் பசியில் வாடிய முகத்தோடு வந்து படுத்தார். சண்டை போடவில்லை.

"மேடம், இத்தனை வருஷமா நான் வெட்டுறப்போ அங்க உக்காந்து என்னதான் பண்ணுவீங்க?"

"மூச்சு வருதான்னு பார்த்துக்கிட்டிருப்பேன் சார்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

மருந்து ஏற ஆரம்பித்ததும் பெரிய டாக்டர் மயக்கம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மூச்சைப் பார்க்கிறதை விட்டுட்டு மட்டும் எங்கயும் எழுந்து போயிடாதீங்கம்மா."