ஹம்பிஸ் பேரில் கலிஸ்தேனி செய்த ஒயின்

கலிஸ்தேனிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் எழுந்து போய்விடுவது நல்லது என்று சைப்ரஸ் மலைமேல் இருந்த அந்தச் சின்ன ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

தோட்டத்துக் கல்வரப்பு சரிந்து அவள் கணவன் சோசோஸுக்கு இடுப்பு ஒடிந்தபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. படுத்தவன் எழுந்திருக்கவில்லை. பெண்கள் திராட்சைக் கொடியைக் கவாத்து செய்யலாம், குலை அறுக்கலாம், கழுதையில் ஏற்றி வரலாம். ஒயின் சாடிகள் இருக்கிற நிலவறைக்குள் மட்டும் பெண் கால் வைக்கக் கூடாது, வைத்தால் ஒயின் புளித்துவிடும் என்பது ஊர்க்கட்டு. ஆகவே சோசோஸின் தம்பி ஹம்பிஸ் ஒயின்காரன் ஆனான். முதல் வருஷமே இரண்டு சாடிகளைக் காடியாக்கினான். அப்புறம் காபிக்கடையே கதி என்று கிடந்தான்.

அதற்குப் பிறகு நிலவறைக்குள் இறங்கியவள் கலிஸ்தேனிதான். சோசோஸ் கட்டிலில் கிடந்தபடி சொல்லிக்கொடுத்தது கொஞ்சம், அவளுடைய மூக்கும் நாக்கும் கண்டுபிடித்தது மிச்சம். பதினோரு வருஷம் இப்படி ஓடியது. ஊர் அறிந்த பெயர் ஹம்பிஸுடையது.

பதினோராவது செப்டம்பரில் திராட்சையை வெயிலில் பரப்பி ஆறாம் நாள் மலை உச்சியில் கருமேகம் கட்டியது. இன்னும் நாலு நாள் காய்ந்தால்தான் இனிப்பு திரளும். நனைந்தால் மொத்தமும் பூசணம். கலிஸ்தேனி ஒற்றை ஆளாகப் பாய்களைச் சுருட்டி இழுத்தாள். இரண்டு முழங்காலும் கல்லில் உரசி ரத்தம் கசிந்தது. மழை விட்ட பிறகு ஹம்பிஸ் வந்து வாசலில் நின்று, "பரவாயில்லையே அண்ணி, தப்பிச்சிட்டோம்" என்றான். அந்த 'டோம்' அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கியது.

அடுத்த வருஷத் திருவிழாவில், ஞாயிறு பூசை முடிந்து ஊரே சதுக்கத்தில் கூடியிருந்தபோது, அந்த ஒயினுக்குத்தான் முதல் பரிசு. ஊர்த்தலைவர் யாக்கோவிஸ் பித்தளைத் தகட்டை உயர்த்தி ஹம்பிஸைக் கூப்பிட்டார்.

"எல்லாம் நம்ம கைப்பக்குவம்தான்" என்றான் அவன்.

பெண்கள் பக்கமிருந்து கலிஸ்தேனி எழுந்து வந்தாள்.

"ஹம்பிஸ், நம்ம வீட்டுத் தாய்ச்சாடி எது?"

தாய்ச்சாடி என்பது ஒருநாளும் முழுக்கக் காலி செய்யாமல், பழசின் மேல் புதுசை ஊற்றிக்கொண்டே வருகிற சாடி. அது தெரியாத ஒயின்காரன் கிடையாது.

"இது என்ன கேள்வி அண்ணி? வாசப்பக்கம் பெருசா நிக்குதே, அதான்."

"அது விரிசல் விட்டு ஆறு வருஷமாச்சு. அதுல நான் வெங்காயம் போட்டு வெச்சிருக்கேன்."

சதுக்கம் சிரித்தது. தலைவர் முகம் சிவந்தார். "குடும்ப விஷயத்தைச் சபையில பேசாதம்மா. பொம்பளை உள்ள போனா ஒயின் புளிக்கும்னு பெரியவங்க..."

"பதினோரு வருஷமா ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ரெண்டு குடம் வாங்கிட்டுப் போனீங்களே தலைவரே, புளிச்சுதா?"

தகட்டை யாருக்கும் கொடுக்காமல் தலைவர் கோட்டுக்குள் செருகிக்கொண்டார். கலிஸ்தேனி வீட்டுக்கு வந்து நிலவறைக்குப் புதுப் பூட்டு போட்டாள்.

"அவன் என் தம்பி. நாலு பேர் முன்னால இப்படியா?" என்றான் சோசோஸ். "பேரு யாருதா இருந்தா என்ன? ஒயின் நல்லா இருக்குல்ல?"

அவள் குரல் மேலும் தாழ்ந்தது. "அவன் திருடன்னு எனக்கு முன்னாலயே தெரியும். நீ கூட இருந்து பாத்துக்கிட்டு இருந்தியே. உன் மேலதான் எனக்குக் கோபம்."

அன்று முதல் அவனுக்கு வேளைக்குச் சூப் வந்தது, துணி மாறியது, பேச்சு வரவில்லை. குளிர்காலம் முழுக்க அப்படி. ஊரில் பாதிப் பேர் அவளைக் கண்டு முகம் திருப்பினார்கள், அவளும் திருப்பிக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் தலைவர் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். "கோயிலுக்கு ஒயின் வேணும் சோசோஸ். நீ சொன்னா அவ தருவா."

சோசோஸ் சுவர்ப்பக்கம் இருந்த முகத்தைத் தலைவர் பக்கம் திருப்பினான். பிறகு சொன்னான்: "என்கிட்டக் கேக்காதீங்க. அந்த ஒயினை நான் செய்யல, என் தம்பியும் செய்யல. அவதான் செஞ்சா. அவகிட்டக் கேளுங்க."

அடுப்படியில் நின்ற கலிஸ்தேனிக்குக் காதில் விழுந்தது. கண் கலங்கியது, அதோடு கோபமும் பொங்கியது. இந்த ஒரு வார்த்தைக்கு இத்தனை வருஷமா?

தலைவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவளிடம் வந்து கேட்டார். "பூசையில பாதிரியார் என் பேரைச் சொல்லணும்" என்றாள். தலைவர் ஒத்துக்கொண்டார். ஒயினைச் சுமந்துகொண்டு கோயிலுக்கு அவளே நடந்து போனாள்; பூசையில் பாதிரியார் அவள் பேரைச் சொன்னார்.

சோசோஸோடு பேச ஆரம்பித்துவிட்டாள். ஆனாலும் அந்தப் பதினோரு வருஷத்தை அவள் மன்னிக்கவில்லை. கேட்டால், "ஏன் மன்னிக்கணும்?" என்பாள், மெதுவாக.