சித்தியின் நாவலில் அம்மா

அம்மாவின் தங்கை, என் சித்தி, கல்யாணமாகி லண்டன் போனவள். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடையில், டெல்லி கிட்வாய் நகரில் எங்கள் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வந்து சில வாரம் தங்கினாள். ஆங்கிலத்தில் நாவல் எழுதப்போவதாகச் சொன்னாள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அம்மா ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். காலையில் ஆபீஸ்காரர்களுக்கென்று ஓடும் சார்ட்டர்ட் பஸ் பிடித்துப் போய், மாலையில் சரோஜினி நகர் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு திரும்புவாள். சித்தி அந்த ஆபீசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விரதங்களைப் பற்றிக் கேட்டாள். நாகதோஷம் பற்றிக் கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பட்டுச்சேலை கட்டச் சொல்லி, பூ வைத்து, ஜன்னலருகே நிறுத்திப் படமெடுத்தாள். ஜன்னலில் இருந்த ஏர் கூலர் படத்தில் விழக்கூடாது என்று தள்ளித் தள்ளி நிற்க வைத்தாள்.

"இவ என்னத்தையோ தேடுறா," என்றாள் அம்மா, சமையலறையில் என்னிடம் மட்டும். "நம்ம வீட்டுல இல்லாததைத் தேடுறா."

அம்மாவுக்குப் பொறாமை என்று நினைத்தேன்.

அடுத்த வருடமோ அதற்கு அடுத்த வருடமோ புத்தகம் வந்தது. அட்டையில் மருதாணி இட்ட கை. கதை நடப்பது கரோல் பாகில், அம்மாவும் சித்தியும் வளர்ந்த வாடகை வீட்டில். நிஜத்தில் அது இரண்டாவது மாடி. நாவலில் அதற்கு ஒரு முற்றம், முற்றத்தில் பாம்புப் புற்று. மூத்தவள் பள்ளிக்கூடமே பார்க்காதவள். ஜாதகத்துக்காக முதலில் வாழைமரத்துக்கு மணம் முடிக்கப்பட்டவள். இளையவள் தப்பித்து இங்கிலாந்து போகிறாள்.

அம்மா அதை பஸ்ஸிலேயே படித்து முடித்தாள்.

டெல்லியில் வெளியீட்டுக் கூட்டம் நடந்தது; சித்தி வந்து எங்களோடு தங்கினாள். எவ்வளவு உண்மை என்று ஒருவர் கேட்டார். "எல்லாமே எங்கள் வீட்டில் நடந்ததுதான்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள் சித்தி. கைதட்டினார்கள். என் பக்கத்தில் அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

வீடு வந்ததும் சித்தியிடம் கேட்டாள். "கற்பனைன்னு சொல்லியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். நடந்ததுன்னு ஏண்டி சொன்ன?"

"அக்கா, அங்க அப்படித்தான் எதிர்பார்க்கறாங்க. கிளார்க் குடும்பம், ஆபீஸ், பஸ்ஸு... இதை யாரு படிப்பா?"

"அச்சா! இன்னைக்குக் கைதட்டினவங்க அங்கேருந்தா வந்தாங்க? எல்லாம் இந்த ஊர்க்காரங்கதானே?"

சித்தி தன் பெட்டியை இழுத்துத் திறந்தாள். பிறகு, "முதல்ல உன்னை உள்ளபடியேதான் எழுதினேன். வேண்டாம்னு திருப்பிட்டாங்க," என்றாள்.

திருப்பியது யார் என்று நான் கேட்டேன். அவள் பெட்டியை அடுக்கத் தொடங்கினாள். அப்படி ஒரு பிரதி இருந்ததா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

அதற்குப் பிறகு, நம் ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் நம்மவர்கள் எழுதிய நாவல் எது கைக்கு வந்தாலும், வேலைக்குப் போகிற பெண்ணை எங்கே ஒளித்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடினேன். சிலரை அநியாயமாகச் சந்தேகித்தும் இருப்பேன்.

உறவு முறியவில்லை. தீபாவளிக்குப் போன் வரும். "எல்லாரும் சௌக்கியம்," என்று சொல்லிவிட்டு அம்மா ரிசீவரை என்னிடம் நீட்டுவாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்களாமே, பெண்ணுக்குச் சம்மதமா என்று சித்தி ஆசையாய் விசாரிப்பாள். தெரிந்தாலும், தெரியாது சித்தி என்பேன்.