மாப்புக் கொடுக்காத மசூர்

மருதமுனையில் யாரோடு கோபித்துக்கொண்டாலும் அடுத்த பெருநாளைக்குள் சரியாகிவிடும். மசூரிடம் மட்டும் அந்தப் பருப்பு வேகாது. பதினொரு வருடத்துக்கு முன் மாவட்டக் கிண்ண இறுதிப் போட்டி பெனால்டிக்குப் போனபோது, கோல் கீப்பரான இவரைக் கடைசி நிமிடத்தில் வெளியே எடுத்துவிட்டு வேறொருவனைக் கம்பத்துக்குள் நிறுத்தினான் அணித்தலைவன் றிஸ்மி. கிண்ணமும் போனது, மசூரின் பேச்சும் போனது. இரண்டு வீட்டுக்கும் இடையில் இரண்டு ஒழுங்கைதான். ஒரே பள்ளியில்தான் தொழுகை. றிஸ்மி ஸலாம் சொன்னால் பதில் சொல்லுவார், அது கடமை. அதற்கு மேல் ஒரு சொல்? மூச்! நாற்பத்தாறு வயது, மூன்று பிள்ளைகளுக்கு வாப்பா, பிரதான வீதியில் பிரிட்ஜ் திருத்தும் கடை வைத்திருக்கிற மனிதர். பிடிவாதத்தில் மட்டும் பத்து வயது.

அன்று வியாழக்கிழமை. பகல் சாப்பாட்டோடு கடைக்கு வந்த மனைவி முஸ்பிறா, பார்சலைப் பிரிக்கும்போதே தொடங்கிவிட்டாள்.

"கேட்டீங்களா, றிஸ்மி உம்றாவுக்குப் போறாராம். வீடு வீடாப் போய் மாப்புக் கேட்டுத் திரியிறாரு."

மக்காவுக்குப் பயணம் போகிறவர்கள் இப்படித்தான். தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி, ஊரெல்லாம் போய்க் கைபிடித்துக் கேட்பார்கள். கேட்டால் கொடுத்துவிட வேண்டும். எங்களுக்காகவும் அங்கே கையேந்தி துஆக் கேளுங்க என்று சொல்லி அனுப்ப வேண்டும்.

"போனாப் போகட்டும்," என்றார் மசூர். "என்னட்ட வராட்டிச் சரி."

"எனக்குத்தான் ஒண்டும் விளங்கல்ல. அவர்ட பொஞ்சாதி நஸ்லாவ இப்ப மீன் சந்தையில கண்டன். எப்ப பயணம் எண்டு கேட்டா, 'என்ன பயணம் ராத்தா? அவர்ட பாஸ்போட் காலாவதியாகி அலுமாரிக்குள்ள கிடக்கு' எண்டு சிரிக்கிறா. ரெண்டு மாசமா மனிசன் வீட்டில ஒரு சொல் கதைக்கிறதில்லையாம், ஒழுங்காத் தின்னுறதுமில்லையாம்."

சோற்றுக்குள் போன மசூரின் கை அப்படியே நின்றுவிட்டது.

ஜவாத் என்று ஒருவன் இருந்தான். சாய்ந்தமருதுக்காரன், இடது பக்கத்தால் ஓடினால் காற்றுப் பிடிக்காது. ஆட்டம் விட்டு இரண்டு வருடத்தில் ஆளே கறுத்துச் சுருங்கிப்போனான். நாலு வருடத்துக்கு முன் ஒருநாள் இதே கடைக்கு வந்து, அண்ணனிடம் கேட்பதுபோல், 'அண்டைக்கி மெச்சில உங்கட பல்ல உடைச்சனே காக்கா, மாப்புத் தாங்க' என்றான். 'போடா, அத எப்பயோ பொறுத்திட்டன்' என்று சிரித்துக்கொண்டே முதுகில் தட்டி அனுப்பினார் மசூர். அந்தக் கிழமை முடியுமுன் அவன் ஜனாஸாவை அடக்கினார்கள். நெஞ்சு வலி என்றது ஊர். உண்மை தெரிந்தவர்கள், தானே தேடிக்கொண்ட சாவு ஹராம் என்று முணுமுணுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். அவன் எதற்காகக் கேட்டுக்கொண்டு திரிந்தான் என்பது மசூருக்குக் கபுறடியில்தான் விளங்கியது. 

"நஸ்லாட நம்பர் இரிக்கா? றிஸ்மிக்குக் கோல் எடுத்துப் பாக்கச் சொல்லு. இப்பயே எடுக்கச் சொல்லு!" என்றார் முஸ்பிறாவிடம்.

றிஸ்மியின் போன் வேலை செய்யவில்லை. முஸ்பிறாவை நஸ்லாவிடம் அனுப்பிவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் மோட்டார் சைக்கிளை எடுத்தார். பதினொரு வருடமாக முகம் கொடுக்காதவனை எந்த முகத்தோடு தேடுவது? வெட்கமாகத்தான் இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. றிஸ்மியின் முழங்காலில் மூன்று வருடத்துக்கு முன் ஒபரேஷன் நடந்ததும், அதோடு ஆட்டம் முடிந்ததும், இந்த வருட விளையாட்டுக் கழக பெனரில் முதல் தடவையாக அவன் படம் இல்லாமல் போனதும் மசூருக்குத் தெரியும். பேசாமல் இருந்தாரே தவிர, பார்க்காமல் இருந்தாரா என்ன?

சலூன் வாசலில் நிறுத்தியதும் சலூன்காரர் மஜீட் கத்தரிக்கோலோடு வெளியே வந்தார். "இப்பதான் போனான். கையப் பிடிச்சிக்கிட்டு அழுதான், மசூர். மக்கா நெனப்பில கல்பு உருகிட்டு. எனக்கும் துஆக் கேக்கச் சொன்னன்."

"மாப்புக் குடுத்தியா?"

"குடுக்காம? மனிசனா நான்?"

மைதானத்தில் இரண்டு ஆடுகள் மட்டும் நின்றன. கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள், காலையில் வந்தான், கொடுத்துவிட்டோம் என்றார்கள். கழகச் செயலாளர் கொடுத்துவிட்டார். பழைய கோச் கட்டிப்பிடித்தே கொடுத்திருந்தார். ஊரே அள்ளிக் கொடுத்திருந்தது. யா அல்லாஹ், ஒருத்தனாவது மறுக்கக் கூடாதா? மசூருக்கு ஹெல்மெட்டுக்குள் வியர்த்து வழிந்தது.

அப்போதுதான் பொறி தட்டியது. எல்லோரிடமும் கேட்டு முடித்தவனுக்கு மிச்சம் யார்? கம்பத்தை விட்டு வெளியே ஓடியது பிழை! கீப்பர் நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருக்க வேண்டும்.

கடைக்குத் திரும்பியபோது பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னது. பழைய கொம்பிரஸர் ஒன்றின் மேல் றிஸ்மி குந்திக்கொண்டிருந்தான். தாடி வளர்ந்து, சேர்ட் இரண்டு அளவு பெருத்துக் கிடந்தது. இவரைக் கண்டதும் எழும்பினான்.

"காக்கா, அண்டைக்கி நான் செஞ்சது பிழை. உங்களத்தான் கடைசியா வெச்சிருந்தன். மாப்புத் தாங்க."

"தரமாட்டன்."

றிஸ்மி திகைத்துப்போனான். அன்று முழுவதும் அந்தச் சொல்லை அவன் கேட்டிருக்கவில்லை.

"பயணம் போறவனுக்கு…"

"பாஸ்போட் இல்லாத பயணம் எங்க போறாய்? நேராக் கேக்கிறன், நேராச் சொல்லு. செத்து மௌத்தாகிறதுக்கா இந்த மாப்பெல்லாம் சேக்கிறாய்?"

வீதியால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. றிஸ்மி தலையைக் குனிந்தான்.

"ஓம்," என்றான். "ஏலாம இரிக்கி காக்கா. விடிஞ்சா எழும்ப ஏலா. ஆருட்டச் சொல்ற? முழங்கால் சுகந்தானே எண்டு கேக்கிறாங்க. முழங்கால் சுகந்தான்."

மசூர் ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டு அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். 

"கேளு. ஜவாத் இதே இடத்தில நிண்டு கேட்டான், குடுத்தன். அத நினைச்சு நாலு வருசமா வேகுறன். எனக்குப் பயமா இரிக்கிடா. உனக்கு நான் தரமாட்டன். என்ட ஹக்கு கடனா உன்ட தோளில கிடக்கட்டும், அதோட நீ எங்கயும் போக ஏலா. நாளைக்கி அஸருக்குப் பொறகு வந்து திரும்பக் கேளு."

"நாளைக்கித் தருவீங்களா?"

"கேட்டுப் பாரேன்!"

றிஸ்மி சிரிக்கவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். முஸ்பிறா சொல்லி நஸ்லா வரும் வரைக்கும் மசூர் பிடித்த கையை விடவில்லை. பிறகு மூன்று பேருமாக ஓட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

மசூர் வைத்தியம் செய்தார் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். வைத்தியம் கிளினிக்கில் நடந்தது, இன்னும் நடக்கிறது. டொக்டர் சொன்ன மருந்து, பேச்சு, நஸ்லாவின் பொறுமை, நல்ல கிழமைகள், மோசமான கிழமைகள். இவர் செய்தது ஒன்றே ஒன்று. அன்றிலிருந்து ஒன்றரை வருடமாக, ஒவ்வொரு நாளும் அவன் வந்து கேட்க, கொடுக்காமல் இருக்கிறார்.

இன்றைக்கும் அஸர் முடிந்து ஆட்கள் பள்ளியால் வெளியே வந்துவிட்டால் மசூருக்கு வேலை ஓடாது. ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு வீதியையே பார்ப்பார். பத்து நிமிடம் பிந்தினால் வாசலுக்கு வந்து நிற்பார். கால் மணித்தியாலம் ஆனால் போனை எடுத்துவிடுவார். நேற்று இருபது நிமிடம். இரண்டு தடவை அழைத்தும் பதில் இல்லை. மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கும்போது, கையில் வடைப் பொட்டலத்தோடு றிஸ்மி வந்து நின்றான்.

"கடையில சனம் காக்கா. என்ன, இண்டைக்காவது தருவீங்களா?"

மசூர் சாவியை மேசையில் போட்டார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கி வா," என்றார்.