ஊமத்தை இலைத் தேநீர்

இரண்டு வாரமாக இந்தப் பத்தி வரவில்லையே, ஏன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆஸ்பத்திரியில் இருந்தேன். காரணம், ஒரு கோப்பை தேநீர்.

எங்கள் ஊர் செமின் கிரனியே முழுக்க, இந்தத் தீவுக்குச் சுதந்திரம் வேண்டுமா வேண்டாமா என்று வாதாடிக்கொண்டிருந்தது. எனக்கோ மூச்சு விடுவதே பெரும்பாடு. பழைய ஆஸ்துமா... கரும்பு வெட்டும் காலத்தில் முற்றிவிடும்.

பக்கத்து வீட்டு ராமன் காய்ந்த ஊமத்தை இலை கொடுத்தார். கோயிலில் சிவனுக்குச் சாத்துகிறோமே, அந்தப் பூவின் செடி. கரும்புத் தோட்ட ஓரமெல்லாம் தானாக முளைத்துக் கிடக்கிறது. நெருப்பில் போட்டுப் புகையை இழுத்தால் நெஞ்சு லேசாகும் என்றார்.

புகைக்கே இந்தக் குணம் என்றால், குடித்தால்? என் மனைவி தேவகி அப்படித்தான் யோசித்தாள். கொதிக்கவைத்துக் கொடுத்தாள். குடித்தேன்.

முதலில் நாக்கு வறண்டது. பிறகு வெயில் தண்ணீராக மாறியது. முற்றம் முழுவதும் நீல அலை. இறந்துபோன அப்பா அதில் நின்று வலையை உதறிக்கொண்டிருந்தார். நான் இழுப்பே இல்லாமல் அவரை நோக்கி நடந்தேன். அத்தனை நிம்மதியை அதற்கு முன் அறிந்ததில்லை.

தேவகி பார்த்தது வேறு. முகம் சிவந்து, கண்மணி விரிந்து, இல்லாத நூலைக் காற்றில் பிடித்து இழுத்தேனாம். அவளையே யாரென்று கேட்டேனாம்.

அவள் அழுதுகொண்டு நிற்கவில்லை. மிச்ச இலையைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு, என்னைக் கரும்பு லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

“யார் குடுத்தது, மதாம்?” என்று டாக்டர் கேட்டிருக்கிறார்.

“நான்தான். இந்த இலைதான்.”

இலையைக் கண்டதும் டாக்டருக்கு விஷம் எதுவென்று புரிந்துவிட்டது. அதனால் பிழைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் நினைவு தெளிந்தது. “ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும் விஷம் கூடும், குறையும். பத்திரமான அளவுன்னு ஒண்ணு கிடையாது. புகையும் வேணாம்” என்றார் டாக்டர்.

சும்மா முளைப்பது சாதுவாகத்தான் இருக்கும் என்று நாம் ஏன் நம்புகிறோம்?

பஸ்ஸில் திரும்பும்போது, அன்று கண்டதையெல்லாம் தேவகியிடம் சொன்னேன். ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

“அங்க நான் இருந்தேனா?”

“இருந்த. என் பக்கத்துலயே.”

என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அவள் அங்கே இல்லை. தைரியமாக எழுதுகிறேன் — வீட்டில் எங்கள் பேச்சு கிரியோல். தேவகிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.