பன்னிரண்டு தந்தியும் ஒரு துண்டு எலும்பும்

திண்டிவனத்தில் புதுக் கிளை திறக்கப் போகிறார் எங்கள் முதலாளி. அங்கே வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்காக என்னை எழுதச் சொன்னார். "பன்னண்டு கம்பி கிடாரு எப்பிடி பாத்து குடுக்கறதுன்னு எழுதுப்பா ஏழுமல. அதுலதான் பசங்க சொதப்புறானுங்க" என்றார். செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் இருக்கும் இந்த இசைக்கருவிக் கடையில் எனக்கு இது இருபத்தாறாவது வருஷம். விற்பனையும் நான்தான், ரிப்பேரும் நான்தான்.

அவர் கேட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். அவர் கேட்காத ஒன்றையும் சேர்த்து எழுதுகிறேன். படித்துவிட்டு, இதைக் கிளைக்கு அனுப்புவதா கிழித்துப் போடுவதா என்று அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

1. பார்க்க வேண்டியவை

பன்னிரண்டு தந்தி என்றால் ஆறு ஜோடி. ஆறு கம்பிக் கிடாரைவிட இதில் இழுவை மிக அதிகம். அதனால் முதலில் பிரிட்ஜை, அதாவது மேல்பலகையில் தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் கட்டையை, பாருங்கள். அதன் பின்விளிம்பில் ஒரு தாள் நுழைந்தால் பசை விட்டுப் பிரிட்ஜ் தூக்கிக்கொண்டது என்று அர்த்தம். பொழுது சாய்ந்த பிறகும் பாறை கொதிக்கிற நம் ஊரில் அது சீக்கிரமே தூக்கும். மேல்பலகை வயிறு போல உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். நெக் என்கிற கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு பாருங்கள். தந்தியை முறுக்கும் டியூனிங் கீ பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். பதினொன்று நன்றாக இருந்து ஒன்று வழுக்கினாலும் அந்தக் கிடார் திரும்பி வரும், கூடவே கஸ்டமரும் வருவார், கோபமாக. வாங்க வந்தவரை நாலு சுலபமான கார்டு வாசித்துவிட்டுப் போக விடாதீர்கள். ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் அழுத்தும் பார் கார்டு பிடிக்கச் சொல்லுங்கள். விரல் வலிக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள்.

கடைசியாக நட்டும் சாடிலும். நட் என்பது கழுத்தின் உச்சியில் தந்திகள் உட்காரும் சின்னத் துண்டு. சாடில் என்பது கீழே பிரிட்ஜில் பதித்திருக்கும் பட்டை. மலிவான கிடாரில் இரண்டும் பிளாஸ்டிக். நல்லதில் எலும்பு, பெரும்பாலும் மாட்டு எலும்பு. எலும்பு போட்டால் சத்தம் கணீரென்று வரும். இதை நான் வருஷக்கணக்காகப் பெருமையாகச் சொல்லி விற்றிருக்கிறேன். ஒரே ஒருவரிடம் மட்டும் சொல்லவில்லை.

2. நாலாவது வரி

சந்திரமதி டீச்சர் வல்லம் பக்கத்துக் கிராமம். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறார். தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கும் ஜைனக் குடும்பம். ஒரு சனிக்கிழமை காலை கடைக்கு வந்தார். காலில் கேன்வாஸ் ஷூ, வாட்சுக்குத் துணி வார். பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

"தம்பி, பன்னண்டு கம்பி கிடாரு இருக்குதா?"

"இருக்குது டீச்சர். யாரு வாசிக்கிறதுக்கு?"

"நான்தான். எங்க ஜினாலயத்துல லேடீஸ் பதினஞ்சு பேரு சேர்ந்து தோத்திரம் பாடுறோம். என்கிட்ட ஆறு கம்பி இருக்குது. எல்லாரும் சேர்ந்து பாடுனா அது எங்க போச்சுன்னே தெரியல."

ஆர்மோனியம் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். அதில் எனக்கு நல்ல ஸ்டாக் இருந்தது.

"அதோட துருத்தியில தோல் ஒட்டுறாங்க. மேளம்னா சொல்லவே வேணாம். கோயில்ல மேளம் வாசிக்கிறாங்க, அது அவுங்க பாடு. தோலு, எலும்பு எதையும் என் கையால தொட்டு வாசிக்கிறதில்லன்னு நான் ஒரு விரதம் வச்சிருக்கேன். அதான் கிடாரு கத்துக்கினேன். மரமும் கம்பியும்தானே?"

மூன்று கிடார் எடுத்துக் காட்டினேன். ஒன்றில் பிரிட்ஜ் லேசாகத் தூக்கியிருந்தது. அதை நானே சொல்லி ஒதுக்கினேன். இரண்டாவதன் நெக் அவர் கைக்குத் தடிமன். அதையும் நானே சொன்னேன். இவ்வளவு நேர்மையாக இருந்ததுதான் பிறகு என் பொய்க்கு முட்டுக் கொடுத்தது. மூன்றாவது கிடார் நல்ல சரக்கு, கேட்பார் இல்லாமல் ரொம்ப நாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் அதை மடியில் வைத்துத் தந்திகளை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு சத்தமாகச் சிரித்தார்.

"இன்னா தம்பி இது, நாலு பேரு கூட ஒக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்குது!"

கிடாரின் தலையில் கட்டியிருந்த அட்டையைப் பிடித்துப் பார்த்தார். "கண்ணாடிய வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன். இன்னா எழுதியிருக்குது, படிச்சு சொல்லுங்க."

அந்த அட்டையை எழுதியவன் நான். நாலு வரி இருந்தது. மேல்பலகை என்ன மரம் என்று படித்தேன். பக்கம் என்ன மரம் என்று படித்தேன். விரல் கட்டை என்ன மரம் என்று படித்தேன். நாலாவது வரி, "நட், சாடில்: அசல் எலும்பு". என் வாய் அங்கே நின்றுவிட்டது.

"அவ்ளோதானா? எலும்பு, தோலு எதுவும் இல்லியே?"

"இல்ல டீச்சர். மரமும் கம்பியும்தான்."

அட்டையை அறுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன். பிளாஸ்டிக் துண்டு மாற்றிப் போடுவது ஒரு மணி நேர வேலை. ஆனால் சத்தம் குறையும், யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். வேர்க்கடலை நீளத்துக்கு ஒரு துண்டு, அதற்குப் போய் இவ்வளவா என்று மனசுக்குள் ஒரு இளக்காரமும் இருந்தது. எனக்கு அந்த விற்பனை முடிய வேண்டும், அவ்வளவுதான். இதற்கு மேல் நல்ல காரணம் எதையும் நான் தேடப் போவதில்லை.

இதில் கேவலம் என்னவென்றால், தோளில் மாட்டும் வார் எடுக்கும்போது நுனியில் தோல் வைத்ததை நானே ஒதுக்கிவிட்டு, முழுக்கத் துணியில் செய்ததைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

"இவ்ளோ பாத்து குடுக்குறீங்களே தம்பி" என்றார் டீச்சர்.

3. வாசனை

ஒரு மாதம் கழித்து வந்தார். ஆக்டேவ் ஜி என்று ஒரு கம்பி உண்டு. பன்னிரண்டில் அதுதான் மிக மெல்லியது. அது திரும்பத் திரும்ப நட்டின் ஓரத்தில் அறுந்தது. கம்பி உட்காரும் பள்ளம் குறுகலாக இருந்தால் அப்படி ஆகும். மெல்லிய அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் தீர்ந்துவிடும்.

டீச்சர் எதிரில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு எடுத்துப்போய் ராவுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. அரத்தை வைத்து இழுத்தேன். வெள்ளைத் தூள் விழுந்தது. எலும்பை ராவினால் ஒரு வாசனை வரும். அதை மறைக்க முடியாது.

"இன்னா வாசன தம்பி? பல்லு டாக்டர் மெஷின் வச்சா வருமே, அந்த மாதிரி வருது."

அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. சும்மா கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"பிளாஸ்டிக் சூடானா இப்பிடித்தான் வரும் டீச்சர்."

"ஓ" என்றார். தூளைத் தன் கையாலேயே துடைத்துவிட்டார்.

முதல் பொய்யைக்கூட வாய் தவறி வந்தது என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இது அப்படி இல்லை.

4. சந்தனம்

மகாவீர் ஜெயந்தி முடிந்த வாரம் இனிப்போடு வந்தார். முதலாளிக்கும் எனக்கும் தனித்தனியாகக் கொடுத்தார். பிறகு போனை எடுத்து வீடியோ காட்டினார். ஜினாலயத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாடுகிறார்கள். நடுவில் டீச்சர். பதினைந்து குரலுக்கு அடியில் அந்தக் கிடார் ஒலி தெளிவாகக் கேட்கிறது. உண்மையிலேயே அழகாக இருந்தது.

"பாருங்க, கிடாருக்கும் சந்தனம் வச்சோம்" என்று படத்தை நிறுத்திப் பெரிதாக்கினார்.

கழுத்தின் உச்சியில் சந்தனப் பொட்டு. அதற்கு ஒரு விரல் கீழே நான் ராவிய நட். டீச்சர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் சந்தோஷப்படுவேன் என்று. இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

அன்று மதியமே சென்னைக்குப் போன் போட்டு, பன்னிரண்டு தந்திக்கான செயற்கை நட்டும் சாடிலும் வரவழைத்தேன். வந்ததும், "ஃப்ரீ சர்வீஸ் டீச்சர், கிடார எடுத்துக்கினு வாங்க" என்று கூப்பிட்டேன். மாற்றிப் போட்டுக் கொடுத்தேன். பழையதில் வெடிப்பு இருந்தது என்று சொன்னேன். அது மூன்றாவது பொய். வேலை முடிந்ததும் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. தப்பைச் சரிசெய்துவிட்டேன் என்று நினைத்தேன். நான் செய்தது தடயத்தை அழித்தது மட்டும்தான். அந்த எலும்புத் துண்டுகளைத் தூக்கி எறியவும் கை வரவில்லை. நாலு வரி எழுதிய அட்டையிலேயே சுற்றி டிராயரில் போட்டேன்.

5. டிராயர்

பத்து நாள்கூட ஆகவில்லை.

"தம்பி, இதுல ஏதோ போச்சு. மின்னாடி கணீர்னு இருந்துச்சு. இப்போ கம்பளி போத்துன மாதிரி இருக்குது. எங்க லேடீஸ்கூட கேட்டுட்டாங்க. அந்தப் பழசையே போட்டு குடுங்களேன். வெடிப்பு இருந்தா இருந்துட்டுப் போவுது."

கல்லாவில் இருந்த முதலாளி காதிலும் விழுந்தது. "பழசு இருக்குதில்ல? போட்டு குடுத்துடு ஏழுமல. இதுக்கு இன்னா யோசன?"

டிராயரைத் திறந்தேன். அட்டைச் சுருள் அங்கேயே இருந்தது. எடுத்துப் போட்டால் டீச்சருக்குச் சந்தோஷம், முதலாளிக்குச் சந்தோஷம், சத்தமும் பழையபடி வந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது. இதுவரை எல்லாப் பொய்யையும் நான் சொன்னேன். இப்போது அவரே பொய்யைக் கேட்டு வாங்கிக்கொள்ள வந்து நிற்கிறார். என்னால் முடியவில்லை.

"டீச்சர், அது எலும்பு."

அவருக்குப் புரியவில்லை. அட்டையைப் பிரித்துத் துண்டுகளை மேசைமேல் வைத்தேன். "மாட்டு எலும்பு டீச்சர். வாங்கினதுலேர்ந்து இதுதான் இருந்துச்சு. போன வாரம்தான் மாத்துனேன்."

டீச்சர் துண்டுகளைத் தொடவில்லை. மேசைமேல் வைத்திருந்த கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் கேட்டனே. அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் டீச்சர்."

"அந்த வாசன வந்துச்சே, அப்போ?"

"அப்பவும் தெரியும்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் கிடாரைப் பெட்டியில் வைத்தார். துணி வாரை மடித்து உள்ளே வைத்தார். முதலாளிக்குத் தலையசைத்துவிட்டுப் படி இறங்கிப் போனார். முதலாளி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த அட்டையை எழுதச் சொன்னவரே அவர்தான்.

6. வல்லம் பஸ்

இரண்டு வாரம் பார்த்தேன். வரவில்லை. ஒரு செட் தந்தியை எடுத்துக்கொண்டு வல்லம் பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் கையில் எதையாவது எடுத்துப் போவது எதற்கு என்று பஸ்ஸில் தோன்றியது. அதற்குள் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

வாசலில் டீச்சரின் வீட்டுக்காரர் வேர்க்கடலை மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"அவுங்க பேசமாட்டாங்க இன்னிக்கு. நோன்புல இருக்காங்க. ஏழு நாளு, ஒரு வேள சாப்பாடு, மௌனம். இன்னியோட அஞ்சு ஆச்சு."

"எதுக்கு சார்?" என்றேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"அந்தக் கிடார கோயிலுக்குள்ள வச்சு வாசிச்சாங்கல்ல, அதுக்கு. தெரியாம பண்ணதுக்கு."

"தப்பு என்னுது சார். அவுங்க எதுக்கு..."

அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டே சொன்னார். குரலில் கோபம் துளியும் இல்லை. "அவுங்க தெரியாம பண்ணதுக்கு அவுங்க இருக்காங்க. தெரிஞ்சு பண்ணதுக்குப் பண்ணவுங்கதான் தம்பி இருக்கணும்."

தந்தி செட்டை நான் கொடுக்கவில்லை. சட்டைப் பையிலேயே திரும்பி வந்தது.

7. இப்போது

டீச்சர் அந்தக் கிடாரைத்தான் இன்னும் வாசிக்கிறார், மங்கிய சத்தத்தோடு. அவர் மறுபடி கடைக்கு வந்தபோது, செயற்கையிலேயே இன்னும் நல்லது ஒன்று தேடிப் போட்டுக் கொடுத்தேன். கொஞ்சம் தேறியது. பழைய கணீர் வரவில்லை. அது இதற்கு மேல் வராது என்று அவரிடமே சொல்லிவிட்டேன்.

இப்போது எங்கள் கடையில் ஒவ்வொரு கிடாரிலும் எது மரம், எது எலும்பு, எது சிப்பி, எது தோல் என்று அட்டையில் எழுதியிருக்கிறது. கஸ்டமர் கேட்கும் முன்பே கடைசி வரி வரை வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். சிலர் கொட்டாவி விடுவார்கள். ஒருமுறை அந்த வரியைக் கேட்டு ஒருவர் வாங்காமலே போனார். போகட்டும். திண்டிவனத்திலும் அப்படியே செய்யுங்கள். பிரிட்ஜ் தூக்கினால் ஒட்டலாம், நெக் வளைந்தால் நிமிர்த்தலாம். நான் உடைத்ததை எப்படி ஒட்டுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஏனென்றால் டீச்சர் தந்தி வாங்க இப்போதும் எங்கள் கடைக்குத்தான் வருகிறார். தம்பி என்றுதான் கூப்பிடுகிறார். பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தால், நான் வாயைத் திறப்பதற்குள், கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். முன்பக்கம் படிக்கிறார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தையும் கடைசி எழுத்து வரை படிக்கிறார். அவர் படித்து முடிக்கும்வரை நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறேன்.